செருப்பு தைக்கிற பலகையில் தொடங்கிய வெற்றி

இந்த மாத வேதபாடத்தில், நம்முடைய ஜெபக் குறிப்புகளில் அடிக்கடி வருகிற ஒரு வார்த்தையைப் பற்றித் தியானிக்கப்போகிறோம். ‘வெற்றி’ என்பதே அந்த வார்த்தை.

ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் முன்னால் வந்து நிற்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். “பாஸ்டர், பையன் பரீட்சையில ஜெயிக்கணும்.” “ஐயா, கடை ஓடவே மாட்டேங்குது, ஒரு வாசல் திறக்கணும்.” “அண்ணே, மூணாவது தடவையா இன்டர்வியூ போறேன், இந்தத் தடவையாவது கிடைக்கணும்.” எல்லாம் நியாயமான விண்ணப்பங்கள்தான். பிள்ளை தகப்பனிடத்தில் கேட்காமல் வேறே யாரிடத்தில் கேட்கும்?

ஆனால் பரீட்சைக்காக மூன்று நாள் உபவாசம் இருக்கிற தம்பியிடம், “புத்தகத்தை எத்தனை நாள் திறந்தாய்?” என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். கடைக்காகக் கண்ணீர் விடுகிற சகோதரரிடம், “காலையில் எத்தனை மணிக்குக் கடை திறக்கிறீர்கள்?” என்று கேட்டால், “பத்து, பத்தரை ஆயிடும்” என்கிறார். பக்கத்துக் கடை ஏழு மணிக்கே திறந்து, பால் பாக்கெட் வாங்க வருகிறவர்களையெல்லாம் அங்கே இழுத்துக்கொண்டுவிடுகிறது!

தேவன் அற்புதம் செய்கிறவர். அதை விசுவாசிக்காதவன் நான் அல்ல. ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். செங்கடலைப் பிளந்த அதே தேவன், மன்னாவை மட்டும் ஜனங்களே காலைதோறும் எழுந்துபோய்ப் பொறுக்கிக்கொள்ளும்படி வைத்தார் (யாத்திராகமம் 16). கூடாரத்துக்குள் கொண்டுவந்து வாயில் ஊட்டிவிடவில்லை. வெயில் ஏறினால் அது உருகிப்போகும். தூங்கினவனுக்கு அன்றைக்குப் பட்டினிதான். கடல் பிளந்தது ஒரே ஒரு ராத்திரி. மன்னா பொறுக்கினதோ நாற்பது வருஷம். நம்மில் அநேகர் அந்த ஒரு ராத்திரியை மட்டும் எதிர்பார்த்துக்கொண்டு, நாற்பது வருஷத்துக் காலைகளைத் தூங்கிக் கழித்துவிடுகிறோம்.

ஜெயிக்கிறவனுடைய மனநிலை எப்படிப்பட்டது, அவனுடைய பழக்கவழக்கங்கள் எப்படிப்பட்டவை என்பதை, சபை சரித்திரத்தில் நாம் நன்றாக அறிந்த ஒருவருடைய வாழ்க்கையிலிருந்து இந்தத் தடவை படிப்போம். அவர்தான் வில்லியம் கேரி.

இவர் யார்?

1761-ஆம் வருஷம் ஆகஸ்டு 17-ஆம் தேதி, இங்கிலாந்தில் பாலர்ஸ்பரி என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் நெசவாளி. பிற்பாடு கிராமத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியாரானார். கேரிக்குத் தோலில் ஒரு வியாதி இருந்தபடியால் வெயிலில் நின்று வயல் வேலை செய்ய முடியவில்லை. ஆகையால் நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்து, செருப்பு தைக்கிறவரிடத்தில் தொழில் படிக்க அனுப்பினார்கள். கல்லூரி வாசலை மிதித்தவரல்ல. பண வசதியும் இல்லை, பெரிய மனுஷர் சிபாரிசும் இல்லை.

அப்படிப்பட்டவர் 1793-இல் வங்காளத்துக்கு வந்தார். அதன் பிறகு ஒரு தடவைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பாமல், 1834 ஜூன் 9-ஆம் தேதி செராம்பூரில் மரிக்கும்வரை சுமார் நாற்பத்தொரு வருஷம் இந்த தேசத்திலேயே உழைத்தார். கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்காளி, சமஸ்கிருதம், மராத்தி மொழிகளைக் கற்பித்தார். வங்காளி, மராத்தி, சமஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம் ஆகிய பாஷைகளுக்கு இலக்கணம் எழுதினார். பெரிய வங்காளி அகராதி ஒன்றைத் தொகுத்தார். வங்காளி புதிய ஏற்பாடு 1801-இல் வெளிவந்தது. 1818-இல் செராம்பூர் கல்லூரி தொடங்கப்பட்டது. 1820-இல் விவசாயத்துக்கும் தோட்டக்கலைக்கும் ஒரு சங்கத்தை ஏற்படுத்தினார். உடன்கட்டை ஏறுகிற கொடுமையை நிறுத்தும்படி வருஷக்கணக்காக வாதாடினார். 1829 டிசம்பரில் அதைத் தடைசெய்கிற சட்டம் பிறந்தபோது, வங்காளியில் மொழிபெயர்க்கும்படி அரசாங்கம் அவரிடம்தான் அனுப்பியது. அது வந்து சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரசங்க மேடைக்கு வேறொருவரை ஏற்பாடு செய்துவிட்டு, அன்று சாயங்காலத்துக்குள் மொழிபெயர்ப்பை முடித்தார். ஒரு நாள் தாமதித்தால் எத்தனை பெண்கள் நெருப்பில் போவார்களோ என்பதே அவருடைய கவலை.

“அவரு பிறவியிலேயே மேதை, பாஸ்டர். நாம எங்க, அவரு எங்க!” என்று நீங்கள் சொல்லலாம். அவரே அதை ஒத்துக்கொள்ளமாட்டார். தமக்குப் பின் யாராவது தம்முடைய வாழ்க்கையை எழுதினால், விடாமல் பாடுபடத் தெரிந்தவன் என்று எழுதினால் போதும், அதற்குமேல் எதைச் சொன்னாலும் மிகைதான் என்ற கருத்தில், தன் அண்ணன் தம்பி வழியில் மகன் முறையான யூஸ்டஸ் கேரியிடம் சொன்னார். மாட்டுவண்டி போலத் தளராமல், நிற்காமல் போய்க்கொண்டே இருக்கத் தெரியும். அவ்வளவுதான் தன்னுடைய திறமை என்றார். அந்தத் திறமை நமக்கும் கிடைக்கக்கூடியதுதானே! வாருங்கள், அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கண்ணுக்கு முன்னால் ஒரு நோக்கம்

மோல்டன் என்ற ஊரில் செருப்பு தைத்துக்கொண்டும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டும், ஒரு சின்ன சபையைக் கவனித்துக்கொண்டும் இருந்தபோது, கேரி பல காகிதங்களை ஒட்டிச் சேர்த்து, கையாலேயே ஒரு உலகப்படம் வரைந்து சுவரில் மாட்டினார். ஒவ்வொரு தேசத்துக்கு நேராகவும், அங்கே எத்தனை ஜனங்கள், என்ன மதம், என்ன நிலைமை என்று தமக்குக் கிடைத்த விவரங்களைக் குறித்துவைத்தார். கையில் தோலும் ஊசியும். தலை நிமிர்ந்தால் உலகம்!

அந்தக் குறிப்புகளெல்லாம் பிற்பாடு 1792-இல் அச்சில் வந்த அவருடைய சிறு புத்தகத்துக்கு உதவின. அதே வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி கெட்டரிங் என்ற ஊரில் ஒரு வீட்டில் சிலர் கூடி மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அன்றைக்குக் கொடுப்பதாக வாக்களித்த மொத்தத் தொகை 13 பவுன், 2 ஷில்லிங், 6 பென்ஸ்.

பிரியமானவர்களே, “முன்னேறணும்” என்பது ஆசை. அது நோக்கம் ஆகாது. எங்கே, எதில், எப்போதைக்குள் என்று எழுதினால்தான் அது நோக்கமாகும். கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று இயேசுவும் கற்பித்தார் (லூக்கா 14:28). உங்கள் வீட்டுச் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது? காலண்டரில் வாக்குத்தத்த வசனம் இருக்கிறது, சந்தோஷம். அதன் பக்கத்தில், “இந்த டிசம்பருக்குள் சீட்டுக் கடனை அடைப்பேன்”, “மார்ச்சுக்குள் தையல் டிப்ளமோ முடிப்பேன்” என்று ஒரு வரியும் இருக்கட்டும்.

2. கையில் இருப்பதை வைத்துத் தொடங்குதல்

கேரி தொழில் படித்த கடையில் ஒரு வேத விளக்கவுரைப் புத்தகம் கிடந்தது. அதில் நடுநடுவே புரியாத எழுத்துகள். அவை கிரேக்கம். அவர் என்ன செய்தார்? “நமக்கு இது எதுக்கு” என்று பக்கத்தைப் புரட்டிவிடவில்லை. அந்த எழுத்துகளை ஒரு தாளில் பார்த்துப் பார்த்து எழுதி, ஊரில் கொஞ்சம் கிரேக்கம் தெரிந்த ஒரு நெசவாளியிடம் கொண்டுபோய்க் கேட்டார். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் கிரேக்கம் வந்தது. பிற்பாடு லத்தீன், எபிரேயம், டச்சு, பிரெஞ்சு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. வேலைப் பலகையின்மேல் ஒரு பக்கம் தோல், ஒரு பக்கம் புத்தகம்.

அவருக்குப் பேச்சு வரமும் முதலில் பெரிதாக இல்லை. 1785-இல் ஆல்னி சபையார் அவருடைய பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்ச காலம் போகட்டும் என்று அனுமதியைத் தள்ளிவைத்தார்கள். இன்றைக்கு நமக்கு அப்படி நடந்தால், அடுத்த வாரமே வேறே சபைக்குப் போய்விடுவோம்! அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுபடியும் பிரசங்கித்துக் காட்டினார். அடுத்த வருஷம் அனுமதி கிடைத்தது.

இந்தியாவில் பேர்பெற்ற பிறகு, கவர்னர் ஜெனரல் வீட்டு விருந்தில் ஒரு அதிகாரி, கேரி ஒரு காலத்தில் செருப்பு செய்கிறவராக இருந்தாரல்லவா என்று கேலியாகப் பேசினாராம். கேரி அதைக் கேட்டு, செய்கிறவன்கூட இல்லை ஐயா, பழசைத் தைத்துக் கொடுக்கிறவன்தான் என்று அமைதியாகச் சொன்னதாக அவருடைய சரித்திரத்தில் படிக்கிறோம். தன் ஆரம்பத்தைக் குறித்து வெட்கப்படாதவனை யாரால் தாழ்த்த முடியும்? “எங்க அப்பாவுக்குப் படிப்பில்லை, எனக்கு இங்கிலீஷ் வராது, நான் கிராமத்தான்” என்று சாக்குச் சொல்லுகிற தம்பி, உன் கையில் என்ன இருக்கிறது என்று பார். மோசேயினிடத்தில் ஒரு கோலைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை (யாத்திராகமம் 4:2).

3. நேரத்துக்கு ஒரு ஒழுங்கு

1806 ஜூன் மாதத்தில் கேரி எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. ஏன் அடிக்கடி கடிதம் போடுவதில்லை என்பதற்குப் பதிலாக, தன்னுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை அதில் விவரித்திருக்கிறார். சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து, எபிரேய வேதத்தில் ஒரு அதிகாரம் வாசித்து, ஏழு மணிவரை தனி ஜெபம். பிறகு வேலைக்காரரோடு சேர்ந்து வங்காளியில் குடும்ப ஜெபம். தேநீர் தயாராகிற நேரத்தில் முன்ஷியோடு பாரசீகம். காலை ஆகாரத்துக்குமுன் இந்துஸ்தானியில் ஒரு அதிகாரம். ஆகாரத்துக்குப்பின் பண்டிதரோடு உட்கார்ந்து பத்து மணிவரை சமஸ்கிருத ராமாயண மொழிபெயர்ப்பு. பத்து மணிக்குக் கல்லூரி. மத்தியானம் திரும்பிவந்தவுடன் எரேமியா புத்தகத்தின் வங்காளி அச்சுப் பிழைதிருத்தம். சாப்பிட்டபின் மத்தேயு எட்டாம் அதிகாரம் சமஸ்கிருதத்தில், ஆறு மணிவரை. ஆறு மணிக்குமேல் தெலுங்குப் பண்டிதர். ஏழரைக்குப் பிரசங்கம், ஏறக்குறைய நாற்பது பேர். ஒன்பது மணிக்கு அது முடிந்ததும் எசேக்கியேலில் ஒரு அதிகாரம் வங்காளியில். அது முடியும்போது கிட்டத்தட்ட பதினோரு மணி. அதற்குப் பிறகு கடிதங்கள். கடைசியில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் ஒரு அதிகாரம் வாசித்துவிட்டுப் படுக்கை.

இதை அப்படியே நாமும் செய்யவேண்டும் என்று சொல்லவரவில்லை. ஷிப்டு வேலை செய்கிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் நம் சபையில் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தேநீர் ஆறுகிற அந்தப் பத்து நிமிஷத்துக்கும் அவர் ஒரு வேலை வைத்திருந்தார். இரண்டாவது, ஒரே நாளில் எட்டுப் புத்தகத்தை முடிக்கவில்லை, ஒவ்வொன்றிலும் ஒரு அதிகாரம் செய்தார். மறுநாள் அடுத்த அதிகாரம். மூன்றாவது, இன்று மனசு இருக்கிறதா, இல்லையா என்று கேட்டுக்கொண்டு உட்காரவில்லை. மணி சொல்லிற்று, அவர் செய்தார்.

தானியேல் தினம் மூன்று வேளை ஜெபித்தார். ராஜாவின் கட்டளை வந்த அன்றைக்கும், முன் செய்துவந்தபடியே செய்தார் (தானியேல் 6:10). ஆபத்து வந்தபின் புதிதாக ஒரு பழக்கத்தை உண்டாக்க முடியாது. ஏற்கனவே இருக்கிற பழக்கம்தான் அன்றைக்கு நம்மைத் தாங்கும்.

நம்முடைய பத்து நிமிஷங்கள் எங்கே போகின்றன? கையில் இருக்கிற செல்போன் எத்தனை மணி நேரத்தை விழுங்குகிறது என்று அதிலேயே கணக்குப் பார்க்க வசதி இருக்கிறது. தைரியம் இருந்தால் இன்று ராத்திரி திறந்து பாருங்கள்!

4. பலன் தெரியாத வருஷங்களில் நிற்பது

கேரி வங்காளத்தில் இறங்கியது 1793 நவம்பரில். கையில் பணம் தீர்ந்துபோய், வயிற்றுப்பாட்டுக்காக மால்டா பக்கத்தில் ஒரு அவுரிச் சாயத் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை பார்த்தார். 1794-இல் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனான். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தும், வங்காளத்துச் ஜனங்களில் ஒருவரும் ஞானஸ்நானத்துக்கு முன்வரவில்லை. ஒரு வருஷமல்ல, இரண்டு வருஷமல்ல, ஏழு வருஷம்! 1800 டிசம்பர் 28-ஆம் தேதிதான் கிருஷ்ண பால் என்ற தச்சுத் தொழிலாளி செராம்பூரில் ஹூக்ளி நதியில் ஞானஸ்நானம் பெற்றார்.

அந்த ஏழு வருஷமும் வீணா? இல்லை. அந்த நாட்களில்தான் கேரி வங்காளியைக் கரைத்துக் குடித்தார். புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் கைப்பிரதி அப்போதுதான் உருவானது. வெளியே ஒன்றும் தெரியாத காலத்தில் உள்ளே வேர் இறங்கிக்கொண்டிருந்தது. பனங்கொட்டையைப் போட்டுவிட்டு மூன்றாம் மாதம் நுங்கு கேட்கலாமா? நன்மை செய்கிறவர்கள் நடுவில் சோர்ந்துபோனால் அறுப்பு கைக்கு வராது என்பதைத்தான் பவுல் கலாத்தியருக்கு நினைப்பூட்டினார் (கலாத்தியர் 6:9).

இரண்டு மாதம் நடத்திப் பார்த்து டியூஷன் சென்டரை மூடினவர்கள், ஆறு மாதத்தில் மூன்று வேலை மாறினவர்கள் நம் மத்தியிலே இருக்கிறார்கள். வேலை மாறுவது பாவமல்ல. ஆனால் பலன் வரவில்லையே என்கிற ஒரே காரணத்துக்காக ஓடினால், ஓடின இடத்திலும் முதல் வருஷத்திலிருந்துதான் தொடங்கவேண்டும்.

5. எரிந்துபோனதை மறுபடியும் எழுதுவது

1812 மார்ச் 11, சாயங்காலம். செராம்பூர் அச்சுக்கூடத்தில் தீப்பிடித்தது. நடுராத்திரியில் கூரை இடிந்து விழுந்தது. பல பாஷைகளின் அச்செழுத்துகள் உருகிப்போயின. அதிலே நம்முடைய தமிழ் எழுத்துகளும் உண்டு. குவித்துவைத்திருந்த காகிதங்கள் சாம்பலாயின. எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம், கேரி வருஷக்கணக்காகக் கையால் எழுதிச் சேர்த்திருந்த பிரதிகள். பல மொழிகளைச் சேர்த்து அவர் தொகுத்துவந்த பேரகராதியும், இலக்கண நூல்களும், மொழிபெயர்ப்புகளும் அதில் போயின. அப்போது அவருக்கு வயது ஐம்பது. அன்று அவர் கல்கத்தாவில் இருந்தார். மறுநாள் காலையில் மார்ஷ்மன் போய்ச் செய்தி சொன்னார்.

கேரி கலங்கினார், கண்ணீர் விட்டார். அது மனுஷ சுபாவம். ஆனால் அவர் அதற்குப்பின் எழுதியதின் கருத்து என்ன தெரியுமா? நஷ்டம் பெரிதுதான், ஆனாலும் ஒரு தடவை நடந்த வழியில் இரண்டாம் தடவை நடப்பது முதல் தடவையைவிட எளிது என்பதே! சாம்பலைக் கிளறினபோது, எழுத்து வார்க்க உதவுகிற எஃகு அச்சுகள் கெடாமல் கிடைத்தன. அச்சு இயந்திரங்களும் தப்பியிருந்தன. வார்டு உடனே வேறொரு கட்டடத்தைப் பிடித்து, உருகின உலோகத்தையே மறுபடி வார்க்கச் செய்தார். செய்தி இங்கிலாந்துக்குப் போனபோது, சுமார் இரண்டு மாதத்துக்குள் அங்குள்ள விசுவாசிகள் நஷ்டத்துக்கு ஏறக்குறைய ஈடான பணத்தைச் சேர்த்துவிட்டார்கள். 1814-இல் தெலுங்கு இலக்கணமும், 1817-இல் கன்னட இலக்கணமும் வெளிவந்தன. ஆனால் அந்தப் பேரகராதி மட்டும் திரும்ப வரவேயில்லை. போனது எல்லாமே திரும்பும் என்று நான் உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். சிலது திரும்பாது. அதற்காகக் கை முடங்கிவிடக்கூடாது.

வேதத்திலும் இப்படி ஒரு சம்பவம் உண்டு. எரேமியா சொல்ல பாருக் எழுதிய சுருளை, யோயாக்கீம் ராஜா துண்டு துண்டாக அறுத்து நெருப்பிலே போட்டான். தேவன் என்ன சொன்னார்? இன்னொரு சுருளை எடுத்து மறுபடியும் எழுதச் சொன்னார். இரண்டாம் சுருளில் முந்தினதைவிட அதிகமான வார்த்தைகள் சேர்ந்தன (எரேமியா 36). பரீட்சையில் தோற்ற பிள்ளையே, வியாபாரத்தில் நொடித்த சகோதரனே, இதை உனக்காகவே எழுதுகிறேன். மார்க் ஷீட்டைப் பார்த்து, ‘இதோடு என் வாழ்க்கை போச்சு’ என்று தவறான முடிவு எடுக்கிற பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொரு வருஷமும் பேப்பரில் படிக்கிறோமே! எரிந்தது காகிதம். எழுதின கையும், கற்றுக்கொண்ட மனதும் எரிந்துபோகவில்லை. பெற்றோரே, ரிசல்ட் வருகிற அன்றைக்கு வீட்டில் முதலில் பேசவேண்டிய வார்த்தை எது என்பதை இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

6. கூட்டாளிகளோடு நடப்பது

கேரியைத் தனி வீரராக எண்ணவேண்டாம். மார்ஷ்மன் பள்ளிக்கூடம் நடத்தினார். வார்டு அச்சுக்கூடம் பார்த்தார். பஞ்சானன் கர்மகார் என்ற வங்காளத்துத் தொழிலாளி அச்செழுத்துகளை வெட்டிக் கொடுத்தார். ராம்ராம் பாசு, மிருத்யுஞ்ஜய வித்யாலங்கார் போன்ற பண்டிதர்கள் பாஷையைச் சொல்லிக் கொடுத்தார்கள். இவர்களில்லாமல் கேரியின் வேலை நடந்திருக்காது. கல்லூரியில் அவருக்கு மாதம் 500 ரூபாயும், பின்பு 1,000 ரூபாயும் சம்பளம். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. குடும்பத்துக்கு அவசியமான கொஞ்சத்தை வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் பொதுப் பணப்பெட்டியில் சேர்த்துவிட்டார். வெற்றி என்பதைத் தன் பெட்டி நிரம்புவதாக அவர் எண்ணவில்லை.

தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கிற தாழ்மை வேண்டும், அவர் நம் சபையாராக இல்லாவிட்டாலும் சரி. வங்கியில் கடனுக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாவிட்டால், கந்துவட்டிக்காரனிடம் ஓடாமல், எழுதத் தெரிந்தவரிடம் போய்க் கேளுங்கள். கேட்பதில் அவமானம் இல்லை.

7. ஒரு எச்சரிப்பு

இதுவரை சொன்னதில் கேரியைப் புகழ்ந்தேன். ஆனால் சரித்திரத்தின் மறுபக்கத்தை மறைத்தால் பாடம் அரைகுறையாகிவிடும். அவருடைய மனைவி டாரதி கடல் தாண்டி வர முதலில் சம்மதிக்கவில்லை. கடைசி நேரத்தில், கைக்குழந்தையோடு கப்பல் ஏறினார். மகன் பீட்டர் இறந்தபின் அந்த அம்மாவின் மனநிலை பாதிக்கப்பட்டது. சுமார் பன்னிரண்டு வருஷம் அந்த வேதனையில் இருந்து, 1807-இல் இறந்தார். பக்கத்து அறையில் அவர் அப்படித் துன்பப்பட்டுக்கொண்டிருக்க, இந்த அறையில் கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளோ கண்டிப்பார் இல்லாமல் வளர்ந்தார்கள். 1799-இல் செராம்பூருக்கு வந்த ஹன்னா மார்ஷ்மன் அம்மாவும் வார்டுமே அவர்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்த நாட்களில் மனநோய்க்கு ஏற்ற வைத்தியம் இல்லை. ஆகையால் நாம் நியாயாசனத்தில் உட்கார்ந்து அவரைத் தீர்க்கவேண்டாம். ஆனால் நமக்கு இன்றைக்கு வைத்தியம் இருக்கிறது, எச்சரிப்பும் இருக்கிறது. ஊழியம், ஓவர்டைம், வியாபாரம் என்று ஓடுகிற சகோதரர்களே, வீட்டில் உங்கள் மனைவி கடைசியாக எப்போது சிரித்தார்கள்? பத்தாம் வகுப்பு படிக்கிற மகளுடைய சிநேகிதியின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? மனைவிக்கோ பிள்ளைக்கோ தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை, யாரிடமும் பேசாமை என்று இருந்தால், ஜெபியுங்கள், கூடவே மருத்துவரிடமும் அழைத்துக்கொண்டு போங்கள். “பிசாசு பிடிச்சிருக்கு” என்று மூலையில் உட்காரவைக்காதீர்கள். வீட்டை நடத்துவதைப் பார்த்தே சபையை நடத்துகிறவனை அளக்கச் சொன்னார் பவுல் (1 தீமோத்தேயு 3:5). குடும்பத்தை விலையாகக் கொடுத்து வாங்குகிற வெற்றி, வட்டிக்கு வாங்கின நகை மாதிரி. போட்டுக்கொள்ளலாம், ராத்திரி தூக்கம் வராது.

இந்த வாரம் செய்யவேண்டியவை

வீட்டு ஜெபக் கூட்டங்களில் இந்தப் பாடத்தை வாசித்தபின், ஒவ்வொருவரும் ஒரு நோட்டில் இவைகளை எழுதுங்கள்.

ஒன்று: அடுத்த ஆறு மாதத்தில் நான் முடிக்க விரும்புகிற ஒரே காரியம் என்ன? ஒன்றுதான் எழுதவேண்டும், பத்து வேண்டாம்.

இரண்டு: அதற்காகத் தினமும் எந்த நேரத்தில் இருபது நிமிஷம் ஒதுக்குவேன்? ‘நேரம் கிடைக்கும்போது’ என்று எழுதினால் அழித்துவிட்டு மணியை எழுதுங்கள்.

மூன்று: ஒரு நாள் தவறினால் என்ன செய்வேன்? “மறுநாள் அதே மணிக்குத் தொடங்குவேன்” என்பதே பதில். தவறின நாளுக்காக ஒரு வாரம் துக்கம் கொண்டாடாதீர்கள். நீதிமான் ஏழு தடவை விழுந்தாலும் எழுந்துவிடுகிறான் (நீதிமொழிகள் 24:16). எழுவதுதான் அவனுடைய அடையாளம்.

நான்கு: இதை யாரிடம் சொல்லப்போகிறேன்? வாரத்துக்கு ஒரு தடவை, “எந்த மட்டும் வந்திருக்கு?” என்று உங்களைக் கேட்க ஒரு ஆள் வேண்டும்.

ஐந்து: இதனால் என் வீட்டாருக்கு ஏதாவது பாரம் உண்டாகுமா? அவர்களிடத்திலேயே கேட்டு எழுதுங்கள்.

தம்பி, தங்கச்சி, நாளைக் காலை நீ எழும்பும்போது வானத்திலிருந்து ஒரு சத்தம் கேட்காமல் இருக்கலாம். பக்கத்து வீட்டுச் சேவல் மட்டும் கூவலாம். மன்னா வெளியே கிடக்கும். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போ. கொஞ்சத்தில் உண்மையாயிருக்கிறவனை அநேகத்தின்மேல் வைக்கிறவர் உன் பிரயாசத்தைக் காண்கிறார். அவர்தாமே நம் ஒவ்வொருவருடைய கையின் வேலையையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.